எரியாத சீயக்காய்

சீயக்காய்ப் பொடி என் இடது கண்ணில் விழுந்தது குரோதி வருஷம் ஆவணி மாதம், கோகுலாஷ்டமிக்கு முந்தின சனிக்கிழமை. ஆங்கிலக் கணக்கில் 1964. அதற்கும் ஒரு வாரம் முன்பே என்கிறாள் என் மனைவி விசாலம். ஆனால் நான் சொல்லும் வாரம்தான் மழை விடாமல் பெய்து தண்டவாளத்தில் தண்ணீர் நின்றது, பம்பாயில் கோட்டைப் பகுதியிலிருக்கும் என் ஆபீசுக்கு நான் போகவில்லை. ஆபீஸ் இல்லாத சனிக்கிழமையில்தான் நிதானமாக எண்ணெய் தேய்த்துக்கொள்ள முடியும். ஆகவே நான் சொல்வதே சரி.

தேதி விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். கண் கெட்டது என்றைக்கு என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தது அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான். அதைத் தொட்டுக்கொண்டுதான் மற்றதையெல்லாம் வரிசைப்படுத்த முடிகிறது.

எனக்குச் சர்க்கரை வியாதி முப்பது வயதைத் தாண்டியதுமே வந்துவிட்டது. அதற்கு வீட்டில் நாங்கள் செய்துவந்த பரிசோதனை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், மிகவும் எளிது. கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம் கொஞ்சம் எடுத்து, அதில் சில சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை என்றால் கவனம். மஞ்சள் என்றால் கவலை. செங்கல் நிறம் வந்தால் அன்று விசாலம் என்னோடு பேசமாட்டாள். மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு எதிரே நான் என்ன சாப்பிட்டேன் என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு வருஷம் முன்பு வலது கண்ணின் உள்ளே பின்புறம் ரத்தம் கசிந்து, அது மங்கிப்போனது. சர்க்கரை பழசானால் அங்கே உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் பலவீனமாகும் என்றும், அதற்குச் செய்வது ஒன்றும் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். வலது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும். ஜன்னல் எங்கே என்று தெரியும், ஜன்னலில் யார் என்று தெரியாது. மீதி எல்லாவற்றுக்கும் இடது கண்தான். ஆபீஸ் ஃபைலும் அதுதான், வாரப் பத்திரிகையும் அதுதான், தமிழ்ச் சங்கத்து நூலகத்திலிருந்து வாரம் இரண்டு புத்தகமும் அதுதான். புத்தகம் இல்லாமல் நான் சாப்பிட உட்கார்ந்ததாக நினைவில்லை.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல விசாலம் நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். கண்ணுக்கும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டேன். எல்லோரும் செய்வதுதான். வெந்நீர் விளாவிச் சீயக்காய் தேய்க்கும்போது குழைத்த பொடி வழிந்து கண்ணுக்குள் போயிற்று. தமிழ் வீட்டில் பிறந்தவர்களுக்கு அடுத்து என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நானும் அதற்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எரியவில்லை. கண்ணைத் திறந்தேன். உறுத்தலாகக்கூட ஒன்றும் இல்லை.

வெளியே வந்து சொன்னேன்.

"நெஜமாவா? துளிக்கூட எரியலையா?" என்றாள் விசாலம்.

"துளிக்கூட இல்லை."

"சூடு இறங்கிடுத்து. நான் எத்தனை மாசமா சொல்லிண்டிருக்கேன், வாரம் தவறாம எண்ணெய் தேச்சுக்கோங்கோன்னு."

மறுநாள் செம்பூரிலிருந்து என் மைத்துனன் வெங்கிட்டு வந்தான். சர்க்கரை வியாதியே உடம்புச் சூட்டினால் வருவது என்பது அவன் கட்சி. அவனிடம் இவள் சொன்னதும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தேளா அத்திம்பேர்? உடம்புல சூடு இருந்தாத்தான் சீயக்காய் எரியும். டாக்டருக்குக் கொடுக்கறதை எண்ணெய்க் கடைக்குக் கொடுங்கோ, போறும்."

"டாக்டர் அவ்வளவு சாப்பிடாதேங்கறார். எண்ணெய்க்கடைக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான்" என்றேன். மூவரும் சிரித்தோம். சர்க்கரை போடாத காப்பி அன்று எனக்குக்கூடக் கசக்கவில்லை. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் என் வியாதியைப் பற்றி நாங்கள் சந்தோஷமாகப் பேசியது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த வாரம் கண் சிவந்தது. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் பார்த்துச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை, நீர் வடியவில்லை. விசாலம் மாலையில் பூக்காரியிடம் நந்தியாவட்டை வாங்கி வந்து கண்மேல் வைத்துக் கட்டினாள். தெருக்கோடி டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் பத்திரிகையைப் பிரித்தபோது எழுத்துகளின்மேல் பாலாடை படிந்த மாதிரி இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். இரண்டாம் தடவையும் துடைத்தேன். மூன்றாம் தடவை துடைக்கப் பயமாக இருந்தது.

பரேலில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தெருவெல்லாம் பிள்ளையார் ஊர்வலத்துக் கொட்டுச் சத்தம். உள்ளே மரப் பெஞ்சில் பாதி நகரம் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் ஏதாவது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் எதையும் பொத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெரிய டாக்டர் மராத்திக்காரர், தணிந்த குரல். என்னிடம் இங்கிலீஷில் பேசினார். முதலில் ஒரு சொட்டு மருந்து விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். புண் இருக்கும் இடத்தில் அந்த மருந்து பச்சையாக ஒளிவிடுமாம். நெடுநேரம் பார்த்தார். பிறகு பஞ்சின் ஒரு நுனியை நூல்போலத் திரித்தார்.

"நேராகப் பாருங்கள். கண்ணைத் தொடப்போகிறேன். கூசினால் மூடிக்கொள்ளலாம்."

நான் காத்திருந்தேன். அவர் கை அருகில் வந்ததும் விலகியதும் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற விசாலம் என் தோளைப் பிடித்தாள். அவள் விரல்கள் அழுந்தின.

"எப்போது தொடப்போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"மூன்று தடவை தொட்டாயிற்று" என்றார்.

கண்ணில் ஏதாவது விழுந்ததா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். கேள்வியை விசாலத்துக்குத் தமிழில் சொன்னபோது, "சீயக்காய் விழுந்ததே. எரியலைன்னேளே" என்றாள்.

அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் டாக்டர் நிமிர்ந்தார். மராத்தியிலும் கிட்டத்தட்ட அதே பெயர்தான்.

"சிகேகாய் விழுந்தும் எரியவில்லையா? அப்போது என்ன செய்தீர்கள்?"

"சந்தோஷப்பட்டோம்" என்றேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு வாத்தியாரைப்போல விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

கைக்கடிகாரத்தின் முகத்துக்கு மேலே கண்ணாடி இருப்பதுபோலக் கருவிழிக்கு மேலே ஒரு தெளிவான படலம் இருக்கிறது. அதில் ரத்தக் குழாயே கிடையாது, இருந்தால் பார்வை தெளிவாக இராது. ஆனால் நரம்புகள் ஏராளம். உடம்பில் வேறெங்கும் அவ்வளவு நெருக்கமாக இல்லையாம். தூசி விழுந்தால் நாம் துடிப்பதும், கண்ணீர் வந்து கழுவுவதும், இமை தானாக மூடுவதும் அந்த நரம்புகளால்தான். அது மட்டும் இல்லை. படலத்தில் சிராய்ப்பு ஏற்பட்டால் புதுத் தோல் வளர்ந்து மூடுவதற்கும் அந்த நரம்புகள் உயிரோடு இருக்க வேண்டும். சர்க்கரை நெடுநாள் இருந்தால் பாதம் மரத்துப்போவது எல்லோருக்கும் தெரியும். செருப்பு கடித்த புண் ஆறாமல் காலை எடுக்கும்வரை போவதும் தெரியும். கண்ணின் படலமும் அப்படி மரத்துப்போகலாம் என்று தாம் சந்தேகிப்பதாகச் சொன்னார். புத்தகங்களில் இதைப் பற்றி அதிகம் இல்லை, ஆனால் ஒன்றிரண்டு பேரை இப்படிப் பார்த்திருக்கிறேன் என்றார்.

"சிகேகாய் மேல் குற்றம் இல்லை. அது உங்கள் கண்ணைக் கீறியது, அவ்வளவுதான். மற்றவர்கள் கத்தியிருப்பார்கள். மறுநாளே இங்கே வந்திருப்பார்கள்."

"ஆறுமா?" என்றேன்.

"ஆற வைக்கப் பார்க்கலாம். உங்களுக்கு இருப்பது இந்தக் கண் ஒன்றுதான். அதனால் இன்றே சேர்ந்துவிடுங்கள்."

அன்றே சேர்ந்தேன். இடது கண்ணில் களிம்பு போட்டுப் பஞ்சு வைத்து இறுகக் கட்டினார்கள். காலையும் மாலையும் இன்சுலின். வலது கண்ணின் நிழல்களோடு வார்டில் படுத்திருந்தேன். யார் வருகிறார்கள் என்பது செருப்புச் சத்தத்தில்தான் தெரியும். மருந்து வண்டியில் ஒரு சக்கரம் கீச்சிடும், அது என் கட்டிலுக்கு முன் நின்றால் ஊசி.

அடுத்த கட்டிலில் காதர் மைதீன். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தவர், சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. தைக்கும்போது ஊசி முறிந்து தெறித்துக் கண்ணில் பட்டிருந்தது. அவர் கட்டை அவிழ்த்து மருந்து போடும்போது போடுகிற சத்தத்தில் வார்டே நடுங்கும். போட்டு முடிந்ததும் சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்.

"சார்வாள், உமக்கு நோவலையா?"

"இல்லை."

"பொட்டு நோவும் இல்லையா?"

"இல்லையே."

"அப்பொ இங்க என்னத்துக்குவே கெடக்கீரு? எங்கிட்ட உள்ள நோவை எடுத்துத்தாரேன், பாதியை வச்சுக்கிடும்."

"கொடுங்கள். வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

நான் கேலிக்குச் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பிறகு, "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன், மனசுல வச்சுக்கிடாதயும்" என்றார். அதன்பின் அவர் மனைவி கொண்டுவரும் கஞ்சியில் இஞ்சி அதிகமா, பூண்டு அதிகமா என்று என்னைத்தான் முகர்ந்து பார்த்துச் சொல்லச் சொல்வார். தொட்டுச் சாப்பிட எனக்கு அனுமதி இல்லை, பத்தியம்.

விசாலம் மதியச் சாப்பாட்டோடு தினமும் வந்தாள். அளந்த சோறு, பாகற்காய், மோர். சாப்பிட்டு முடித்ததும் என் விரல்களைத் தானே கழுவித் துடைத்துவிடுவாள். பதினாறு வயது மகள் கமலா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். பத்திரிகையை மடமடவென்று வாசித்துக் காட்டுவாள். தமிழ் வாரப் பத்திரிகை என்றால் மாட்டுவண்டி மேட்டில் ஏறுவதுபோல. "வேண்டாம்மா, சிரமப்படாதே" என்றால் கேட்கமாட்டாள். ஒரு தொடர்கதையின் ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கப் பார்வையாளர் நேரம் முழுவதும் ஆயிற்று. கதாநாயகி கிணற்றடிக்குப் போய்ச் சேரவே இல்லை. அடுத்த வாரமும் அந்தப் பத்திரிகையையே கொண்டுவந்தாள்.

புண் ஆறவில்லை. கட்டை அவிழ்த்து நீல வெளிச்சத்தில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் டாக்டர் மூச்சை மெல்ல விடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே பதிலைத் தெரிந்துகொண்டேன். புரட்டாசியில் ஒருநாள் மைதீனின் கட்டை அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் கண் ஆறிவிட்டது. போகும் முன் என் கையில் மெத்தென்று ஒன்றை வைத்தார். புதுத்தோல் வாசனை அடித்தது.

"மூக்குக் கண்ணாடி வைக்கிறதுக்குக் கூடு. பட்டறைல சொல்லித் தைக்கச் சொன்னேன். உள்ள வெல்வெட்டு. உமக்குத்தான் படிப்பு சாஸ்தியாச்சே."

"எவ்வளவு அழகாக இருக்கிறது" என்றேன், தடவிப் பார்த்தபடி.

"கட்டை அவுத்த பொறவு பாத்துச் சொல்லும். கலரு நல்லா இல்லன்னா மாத்தித் தாரேன்."

அடுத்த நாள் டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டிலில் உட்கார்ந்து பேசும் டாக்டர் நல்ல செய்தி சொல்லமாட்டார் என்பது அதற்குள் எனக்குத் தெரியும். புண் ஆழமாகிக்கொண்டிருக்கிறது, இப்படியே போனால் படலம் ஓட்டையாகிவிடும், பிறகு கண்ணையே எடுக்க நேரலாம் என்றார். செய்யக்கூடியது ஒன்றுதான். மேல் இமையையும் கீழ் இமையையும் சேர்த்துத் தைத்துவிடுவது. இமையே கண்ணுக்குக் கட்டாக இருக்கும். காற்றும் தூசியும் படாது, ஈரம் உலராது. மாதக்கணக்கில் அப்படியே இருக்க வேண்டும்.

"பார்வையைக் காப்பாற்றக் கண்ணை மூடச் சொல்கிறீர்கள்."

"பார்வையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கண்ணைக் காப்பாற்றச் சொல்கிறேன்."

விசாலத்திடம் இதைச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "தச்சா வலிக்குமா?"

இமைக்கு வலித்தது. மரத்துப்போக ஊசி போட்டும் இமையில் ஊசி நுழைவது நன்றாகத் தெரிந்தது. அதற்குச் சற்றே கீழே இருந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே கொண்டுவந்தபோது விசாலம் என் நெற்றியை மட்டும் தொட்டாள். கமலா அழுதுகொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். சத்தம் வராமல் அழ எப்போது கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை.

ஐப்பசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆபீசில் பாதிச் சம்பள விடுமுறை. தீபாவளியன்று விடியற்காலை கட்டடமெங்கும் வெந்நீர் அடுப்புப் புகையும் எண்ணெய் வாசனையும். எனக்குத் தலையில் தண்ணீர் விடக் கூடாது. விசாலம் உச்சியில் ஒரு விரல் எண்ணெய் தொட்டு வைத்து, வாயில் இனிப்பு இல்லாத லேகியம் ஒரு துளி வைத்தாள். வெங்கிட்டு செம்பூரிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். வழக்கமாக அவன் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம். அன்று காப்பி ஆறும்வரை பேசவில்லை.

"அத்திம்பேர், நான் அன்னிக்கு அப்படிச் சொல்லாம இருந்திருந்தா..."

"சொல்லாம இருந்தாலும் நாங்க சந்தோஷந்தான் பட்டிருப்போம்டா. காப்பியைக் குடி."

தை மாதம், பொங்கல் கழிந்து இமையைப் பிரித்தார்கள். தையலை வெட்டும்போது டாக்டரின் மூச்சைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். கண் திறந்தது. வெளிச்சம் வந்தது, நிறைய வந்தது. சுண்ணாம்புத் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல எல்லாம் வெள்ளையாக. எதிரே சுவரில் எழுத்து அட்டை இருக்கிறது, மேல் வரியில் என்ன எழுத்து என்று கேட்டார். அட்டை எங்கே என்று நான் கேட்டேன். பிறகு விரல்களை முகத்துக்கு அருகில் காட்டினார். மூன்று என்றேன். இரண்டுதான்.

புண் ஆறிவிட்டது, கண் தப்பிவிட்டது. ஆனால் ஆறிய இடத்தில் தழும்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறது, அதுவும் நட்ட நடுவில் என்றார்.

"பூ விழுந்துடுத்தா?" என்று விசாலம் மெல்லக் கேட்டாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

இறந்தவர் கண்ணிலிருந்து படலத்தை எடுத்துப் பொருத்துகிறார்கள் என்று முன்பு படித்திருந்தேன். சேர்ந்த நாளிலிருந்து அதை ஒரு கடைசி நம்பிக்கையாக உள்ளே வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்போது கேட்டேன்.

டாக்டர் பஞ்சு நுனியால் மறுபடி தொட்டுப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "உங்களுக்கு அது வேண்டாம்" என்றார். "புதிதாக வைப்பதும் இந்த நரம்பை நம்பித்தான் உயிரோடு இருக்க வேண்டும். இப்போது உங்களுக்கு நிழல் தெரிகிறது, வெளிச்சம் தெரிகிறது. அதையும் இழக்கும்படி நான் செய்ய மாட்டேன்."

"படிக்க முடியாது."

"முடியாது."

இதை நான் சொல்லச் சொல்லக் கமலா எழுதுகிறாள். நடுவில் நிறுத்தி, எந்த ர, எந்த ண என்று கேட்கிறாள். சர்க்கரை உள்ளவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால் அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கண்ணில் விழுந்தது எரிந்தால் நல்லது. எரியாவிட்டால் அன்றே டாக்டரிடம் போகட்டும். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

தையல் பிரித்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் விசாலம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு அழைத்துப்போனாள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். பம்பாய்க்கு வந்த நாளிலிருந்து பஸ்ஸின் நெற்றியில் மராத்தியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்வது என் வேலை. ஏதோ பெரிதாக, சிவப்பாக வந்து நின்றது. வழக்கப்படி நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு தெரிந்தது.

"இது இல்லை" என்றாள் விசாலம்.

"யாரைக் கேட்டே?"

"யாரையும் கேக்கலை. நம்பரைப் பாத்தேன். நீங்க உள்ளே இருந்தப்போ முதல் நாள் ஒர்லி பஸ்ஸுல தப்பா ஏறிப் போயிட்டேன். அப்புறம் கமலா சொல்லிக் கொடுத்தா."

அவள் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை. இன்னொரு சிவப்பு வந்தது. அதுவும் இல்லை என்றாள். நாங்கள் நின்றோம். வெயில் இதமாக இருந்தது. அவள் முகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தது, அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மூன்றாவது வந்து நின்றபோது அவள் கை இறுகியது.

"நம்மளது. படியைப் பாத்து..." என்று ஆரம்பித்தவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். பிறகு என் கையை எடுத்துக் கம்பியின்மேல் வைத்தாள்.